பேரிக்காய் மரத்துக்கு ஜாமீன்

மரியகுழந்தைக்கு மனசும் பெரிசு, வாயும் பெரிசு. இரண்டில் எது முந்திக்கொள்ளும் என்று அவளுக்கே தெரியாது. தங்கச் சுரங்கத்து ஊரான மாரிகுப்பத்தில் அவள் குடியிருந்த வரிசை வீடுகளில், அதாவது லைனில், யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கஷாயத்தோடு முதல் ஆளாகப் போய் நிற்பாள். யார் வீட்டில் சண்டை என்றாலும் அதற்கும் முதல் ஆளாகப் போய் நடுவில் நிற்பாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு மரத்துக்கு ஜாமீன் நின்றுவிட்டு ஒரு வருஷம் பட்ட பாடு இருக்கிறதே, அதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு அப்போது வரவில்லை.

மரம் பக்கத்து வீட்டுத் தாயம்மாவுடையது. பேரிக்காய் மரம். அது அங்கே வந்ததற்கு மரியகுழந்தையின் புருஷன் ராயப்பன்தான் காரணம். அவன் சுரங்கத்துக் கேப்டன் துரை பங்களாவில் சமையல்காரன். துரைசானி பெங்களூரிலிருந்து வரவழைத்த பேரிக்கன்றுகளில் ஒன்று நோஞ்சானாக இருந்தது. தூக்கி எறியச் சொன்னாள். ராயப்பனுக்கு மனசு கேட்கவில்லை. ஈரச்சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். அவர்கள் வீட்டுப் பின்பக்கமோ முழுக்கப் பாறை. கடப்பாரையை வைத்தால் கைதான் அதிரும். மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம், தாயம்மா வீட்டில், கொஞ்சம் செம்மண் இருந்தது.

"அக்கா, இத்த நீயே வெச்சிக்கோ. எங்க வூட்டுல வெச்சா பாறையத்தான் துன்னும்" என்று மரியகுழந்தை தட்டிக்கு மேலே நீட்டினாள்.

தாயம்மாவின் புருஷன் முனிரத்தினம், சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக்கொடுக்கிற கூட்டத்துக்கு மேஸ்திரி. அரைக் குச்சி டைனமைட் வைத்தால் குழி ஒரு நொடியில் ஆகிவிடும் என்று யோசனை சொன்னான். "மரத்த வெக்கிறதுக்கா, வூட்டத் தூக்குறதுக்கா?" என்று தாயம்மா கடப்பாரையை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்தே குழி எடுத்து, சாணி எருவைப் போட்டு, கன்றை நட்டார்கள்.

கன்று பிழைத்தது. பிழைத்தது மட்டுமா, கூரைக்கு மேலே போனது. மார்கழியில் இலையைக் கொட்டும், வெயில் ஏறினால் பளபளவென்று துளிர்க்கும், காற்றடித்தால் சலசலக்கும். எல்லாம் செய்யும். காய்க்க மட்டும் காய்க்காது. காயை விடுங்கள், வருஷங்கள் போயும் ஒரு பூவைக்கூட அது கண்ணில் காட்டவில்லை. பங்களாவில் இருந்த அதன் கூடப்பிறந்ததுகள் எல்லாம் கூடைகூடையாகக் காய்த்துத் தள்ளின. ராயப்பன் எப்போதாவது அங்கே மிஞ்சியதில் ஒன்றிரண்டைக் கொண்டுவருவான். தாயம்மா அதைத் தொடமாட்டாள்.

"பங்களா மிச்சம் எனக்கு வேணாம்டி. எம் மரத்துக் காய எங்கையால பறிச்சி ஒண்ணு துன்னணும். அவ்ளோதான்" என்பாள்.

தண்ணீர் வண்டி வராத நாட்களில்கூடத் தான் குளிக்காமல் இருந்து அந்த மரத்துக்கு ஒரு குடம் ஊற்றியவள் அவள். அந்த ஆசை எவ்வளவு ஆழம் என்று மரியகுழந்தைக்குத் தெரியும்.

முனிரத்தினத்துக்குப் பொறுமை போய்விட்டது. மரம் நிற்கிற மூலையில் ஆட்டுக்கொட்டாய் போடலாம் என்று கொஞ்ச நாளாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தவன், ஆனி மாதத்தில் ஒருநாள் ஆண்டர்சன்பேட்டைச் சந்தையிலிருந்து ஒரு வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டான். "கொட்டாய்க்கு முந்தி ஆடு வந்துடுச்சி. இனிமே மரம் போவணும்" என்றான். தாயம்மா அழுதாள், கத்தினாள், ஒரு வேளை சோறு போடாமல் பார்த்தாள். அவன் அசையவில்லை. கடைசியில், ஒரே ஒரு தரம் தன் தாய்வீட்டு வழக்கத்தைச் செய்து பார்த்துவிடலாம், அதற்கும் மசியாவிட்டால் வெட்டிக்கொள் என்று அவனிடம் ஒப்புக்கொள்ள வைத்தாள்.

குடியாத்தம் பக்கத்து வழக்கம் அது. காய்க்காத மரத்தின் முன்னால் வீட்டுக்காரன் கோடாலியோடு போய் நிற்பான். "காய்ப்பியா, மாட்டியா? வெட்டிப் போடட்டுமா?" என்று மிரட்டிக் கோடாலியை ஓங்குவான். உடனே வேறு வீட்டுப் பெண் ஒருத்தி ஓடிவந்து, "வெட்டாதீங்க, வர்ற வருசம் காய்க்கும், நான் ஜாமீன்" என்று கெஞ்சுவாள். அவனும் கோடாலியைக் கீழே வைத்துவிடுவான். மரம் பயந்து காய்த்துவிடுமாம். ஜாமீன் நின்றவள் அந்த வருஷம் முழுக்க மரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் காய் அவள் வீட்டுக்குப் போகும்.

"எங்க மாதா கோயில் சாமியாரு கேட்டா இன்னா சொல்றது?" என்று மரியகுழந்தை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"மரத்துக்கு ஜாமீன் நின்னா உங்க சாமியாரு கோவிச்சிக்குவாரா? மனுசங்களுக்கு நின்னாத்தான் வம்பு" என்றாள் தாயம்மா. மரியகுழந்தை தலையாட்டினாள். சரி என்றுவிட்டாள்.

இங்கே முனிரத்தினத்தின் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. வெடிச் சத்தத்திலும் துளைபோடுகிற மிஷின் சத்தத்திலும் கிடந்து கிடந்து அவன் காது மந்தமாகியிருந்தது. பூமிக்கடியில் அவன் வேலை செய்த லெவலில், அதாவது சுரங்கத் தளத்தில், பேச்சு எடுபடாது. இரும்புக் குழாயில் தட்டுவதுதான் பேச்சு. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் அடி. முட்டுக்கட்டைக்கு ஆப்பு இறக்குகிறவன் யோசிக்கமாட்டான், தட்டு விழுந்தால் கை தானாக இறங்கும். வீட்டிலும் தாயம்மா அவனைச் சோற்றுக்குக் கூப்பிட வேண்டுமானால் தட்டைத் தட்டித்தான் கூப்பிடுவாள். தட்டினால் அவனுக்குக் கேட்கும் என்பது மரியகுழந்தைக்குத் தெரியும். கணக்கு தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொண்டார்கள். அவனுக்கு அன்று ஷிப்ட் இல்லை, அவளுக்கும் கோயில் பூசை முடிந்திருக்கும். லைனே வேடிக்கை பார்க்கத் திரண்டுவிட்டது. எதிர்வீட்டுப் பெருமாள், கல்யாண வீட்டுக்கு வருவதுபோல் சலவை வேட்டியில் வந்து முன்னால் நின்றார். எந்தக் காரியத்துக்கும் தீர்ப்புச் சொல்ல அவர் முன்னால் நின்றாக வேண்டும்.

முனிரத்தினம் வேட்டியை வரிந்து கட்டினான். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். முதலில் வெட்கப்பட்டவனுக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் வேகம் ஏறிவிட்டது. "இன்னா, காய்ப்பியா மாட்டியா? எங்கிட்டயே உன் வேலையக் காட்டறியா?" என்று கண்ணை உருட்டிக் கத்திக் கோடாலியை ஓங்கினான். ஓங்கியபடியே நின்றான்.

ஜாமீன்காரியைக் காணோம்.

அவள் அடுப்படியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு அடிப்பிடிக்கிற நேரம் பார்த்தா இவன் மிரட்ட வேண்டும்? ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, ஒரு கையில் கரண்டி. தாயம்மா, "மரியா, வாடீ!" என்று அலறியதும் இரண்டையும் வைக்கத் தோன்றாமல் அப்படியே ஓடிவந்தாள். தட்டியைத் தாண்டும்போதே, "வெட்டாதீங்க அண்ணே! வர்ற வருசம் காய்க்கும்! நான் ஜாமீன்!" என்று லைன் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். எல்லாருக்கும் கேட்டது. கேட்க வேண்டியவனுக்குக் கேட்கவில்லை. அவன் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். இன்னொரு தரம் கத்தினாள். ம்ஹூம். தட்டினால் கேட்குமே என்று அவளுக்குப் பட்டென்று ஞாபகம் வந்தது. வெண்கலச் சொம்பில் கரண்டியால் ஓங்கித் தட்டினாள்.

டங், டங்.

கை இறங்கிவிட்டது. கோடாலி நச்சென்று மரத்தின் இடுப்பில் ஏறியது. மரம் உச்சிவரை நடுங்கியது. ஆடு கத்தியது. 

"ரெண்டு தட்டுச்சே..." என்றான் முனிரத்தினம், முகம் வெளுத்துப்போய். வெட்ட வேண்டும் என்று இத்தனை நாள் துடித்தவன்தான். வெட்டிவிட்டதைப் பார்த்ததும் கோடாலியை உருவித் தூர எறிந்தான்.

தாயம்மா திரும்பி மரியகுழந்தையைப் பார்த்தாள். "ஒரு தட்டுதான்டி நிறுத்து! ரெண்டுன்னா அடி! உன்ன யாருடி சொம்பு தூக்கிகினு வரச் சொன்னது?"

"எனக்கு இன்னாக்கா தெரியும்? எம் புருசன் அடுப்புல வேல பாக்கறவரு, சுரங்க சாஃப்ட்டுலயா இறங்கறாரு?" என்று சொல்லும்போதே மரியகுழந்தைக்கு அழுகை வந்துவிட்டது.

பெருமாள் தொண்டையைச் செருமினார். "வெட்டு வெட்டுதான், ஜாமீன் ஜாமீன்தான். லைன் பூரா கேட்டுச்சி. இனிமே இந்த மரம் மரியகுழந்தை பொறுப்பு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

தாயம்மா வெட்டுவாயில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நிமிராமலே சொன்னாள்: "இது பொழச்சி ஒரு காயாவது காய்க்கிற வரைக்கும் எங்கிட்ட பேசாதே."

மரியகுழந்தை சொம்பும் கரண்டியுமாக அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுப்பில் குழம்பு தீய்ந்த வாசனை தட்டியைத் தாண்டி வந்தது. அவள் எழுந்து போய்ப் பார்க்கக்கூட இல்லை.

வைத்தியத்தை முனிரத்தினம்தான் ஆரம்பித்தான். விரிசல்விட்ட முட்டுக்கட்டைக்கு என்ன செய்வானோ அதையே மரத்துக்கும் செய்தான். களிமண்ணையும் சாணியையும் குழைத்து வெட்டுவாயில் அப்பி, சாக்கைச் சுற்றி, மேலே பழைய பீப்பாயின் இரும்புப் பட்டையைப் போட்டு இறுக்கினான். சாய்ந்துவிடாதபடி இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தான். ஆட்டுக்கொட்டாய்ப் பேச்சை அதோடு விட்டான். ஆட்டைத் தட்டியோரமாக முளையடித்துக் கட்டினான்.

மீதி வேலை மரியகுழந்தையுடையது. அரிசி கழுவின தண்ணீர், பாத்திரம் அலசின தண்ணீர், தான் கை கழுவின தண்ணீர் எல்லாம் தட்டியைத் தாண்டிப் போயிற்று. சாக்கு காய்ந்தால் நனைத்தாள், களிமண் வெடித்தால் புதுசாக அப்பினாள். ஒரு கிளையில் தாயம்மா மஞ்சள் துணி முடிந்திருந்தாள். மரியகுழந்தை அதற்குப் பக்கத்திலேயே அந்தோனியார் படம் போட்ட பதக்கத்தைக் கட்டினாள். யாருக்குக் கேட்கிறதோ கேட்கட்டும் என்பது அவள் எண்ணம். மரமோ இருக்கிற இலையை எல்லாம் மஞ்சளாக்கிக் கீழே போட்டது.

தாயம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பேசாமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. அதற்காக அவள் ஆட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளச்சி, இன்னிக்கு வேர்ல தண்ணி கம்மியா ஊத்தினாப்பல கீது, இல்ல?" என்பாள் ஆட்டைப் பார்த்து, தட்டிக்குக் கேட்கும்படி.

"வெள்ளச்சி, வண்டித் தண்ணி இன்னிக்கு வரலன்னு உங்க எசமானியாண்ட சொல்லு" என்று தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து பதில் போகும்.

ஆடு இரண்டு பேரையும் பார்த்து அசைபோடும். லைன்காரர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. மரியகுழந்தைக்கு மட்டும் நாள் நகரவில்லை. ஏதாவது சேதி கேள்விப்பட்டால் கால் தானாகத் தட்டியண்டை ஓடும். ஓடிய பிறகுதான் ஞாபகம் வரும். சேதியை விழுங்கிக்கொண்டு திரும்பி வருவாள். "ஆட்டாண்ட சொல்லிட்டு வாயேன்" என்று ராயப்பன் கேலி செய்தான். அன்று அவன் சாப்பாட்டில் உப்பே இல்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்த தாயம்மாவை இப்போதுதான் அவளுக்கு இவ்வளவு தேடியது.

மார்கழி வந்தது. மரம் மொட்டையாக நின்றது. எந்த வருஷமும் மொட்டையாக நிற்கிற மாதம்தான், அதனால்தான் வம்பே. தூங்குகிறதா செத்துவிட்டதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மரியகுழந்தை ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு குச்சியின் தோலை நகத்தால் சுரண்டினாள். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். உள்ளே பச்சை.

"வெள்ளச்சீ! பச்சை கீதுடி! பச்சை!" என்று ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. தாயம்மா வெளியே வரவில்லை. ஆனால் மறுநாள் ஆட்டுக்கு இரட்டிப்புத் தழை கிடைத்தது.

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை. குடத்தோடு வந்த மரியகுழந்தை குடத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மரம் முழுக்கப் பூ. வெள்ளைவெளேரென்று, இலை தெரியாமல், இடுப்பில் கட்டிய சாக்கும் இரும்புப் பட்டையுமாக அந்தக் காயம்பட்ட மரம் பூத்து நின்றது. அந்தப் பக்கம் தாயம்மாவும் எழுந்து வந்து நின்றாள். மேலே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. உதடு ஒரு தரம் அசைந்தது. மரியகுழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பூ வந்தா ஆச்சா வெள்ளச்சி? காய் வரட்டும்" என்றாள் தாயம்மா. விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

பிடிவாதக்காரி! ஆனால் குரல் கரகரத்ததை மரியகுழந்தை கவனித்தாள்.

காய்த்தது பாருங்கள், பங்களா மரமே வெட்கப்படும்படி காய்த்தது. "அடிபட்ட மரம் பயத்துல காய்க்குமாம், எங்க பங்களாத் தோட்டக்காரரு சொல்றாரு" என்று ராயப்பன் ஊரெல்லாம் பரப்பினான். விளைவு, தங்கள் வீட்டு எலுமிச்சையை ஒரு வெட்டு வெட்டித் தரச் சொல்லியும், முருங்கையை ஒரு வெட்டு வெட்டித் தரச் சொல்லியும் ஆட்கள் முனிரத்தினத்தைத் தேடி வர ஆரம்பித்தார்கள். பெருமாள்கூடத் தன் மாமரத்துக்காக வந்து நின்றார். முனிரத்தினம் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டான்.

காய் பெருக்கப் பெருக்கக் கிளைகள் தொங்க ஆரம்பித்தன. அதற்கு முனிரத்தினம் விடுவானா? சுரங்கத்தில் கழித்துப்போட்ட கட்டைகளைக் கேட்டு வாங்கிவந்து கிளைக்கு ஒரு முட்டுக் கொடுத்தான். வீட்டுப் பின்பக்கம் அசல் லெவல் மாதிரியே ஆகிவிட்டது. உள்ளே போகிறவர்கள் குனிந்துதான் போக வேண்டும். கிளிகள் வந்தால் மரியகுழந்தை அதே வெண்கலச் சொம்பை எடுத்துத் தட்டி விரட்டினாள். ஒவ்வொரு தரமும் முனிரத்தினம் வீட்டுக்குள்ளிருந்து பதறி ஓடிவருவான். "தங்கச்சி, உனக்குப் புண்ணியமாப் போவட்டும், அந்தச் சொம்பக் கீழ வெச்சிடு!" என்று கையெடுத்துக் கும்பிடுவான்.

ஆடி பிறந்தது. முதல் காய் பறிக்கிற நாளும் வந்தது. அன்று காலையிலிருந்தே மரியகுழந்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காய் காய்த்துவிட்டது, சரி. வாக்குப்படி பேச வேண்டும். ஆனால் ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த வாய் அவ்வளவு சுலபத்தில் திறக்குமா? முதலில் யார் பேசுவது? அவள் வேண்டுமென்றே தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று ஒன்றும் நடக்காத மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

தாயம்மா குளித்து, பொட்டு வைத்து, இருப்பதிலேயே பெரிய காயாகப் பார்த்துத் தன் கையால் பறித்தாள். தாம்பாளத்தில் வெற்றிலையைப் பரப்பி அதன் மேல் வைத்தாள். தட்டியண்டை வந்தாள். வந்தவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கூச்சம் பிடுங்கித் தின்றது. பழக்கதோஷத்தில் பக்கத்தில் நின்ற ஆட்டைப் பார்த்து, தாம்பாளத்தைக் கொஞ்சம் தாழ்த்தி,

"வெள்ளச்சி, மொதல் காய் ஜாமீன் நின்னவங்களுக்குத்தான். எடுத்துக்கச் சொல்லு" என்றாள்.

வெள்ளச்சி எடுத்துக்கொண்டது.

ஒரே கவ்வு. காயும் வெற்றிலையும் சேர்ந்து அதன் வாய்க்குள் போய்விட்டன.

"ஐயோ மரியா! புடிடி! புடி! துன்னுது பாரு!" என்று தாயம்மா தாம்பாளத்தைப் போட்டுவிட்டு அலறினாள்.

"எங்கக்கா? இந்தா, காலப் புடி! நான் வாயத் தொறக்கறேன்!" என்று மரியகுழந்தை கீரையை உதறிவிட்டுத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்தாள். ஆடு முளையைப் பிடுங்கிக்கொண்டு முட்டுக்கட்டைகளுக்கு நடுவே புகுந்து ஓடியது. பின்னாலேயே இவர்கள் இரண்டு பேரும். ஒரு கட்டை சரிந்தது, பொலபொலவென்று நாலைந்து காய் இவர்கள் தலையில் விழுந்தது. ஆடு எட்டிப்போய் நின்று திரும்பி, கடைசி வாயையும் நிதானமாக மென்று விழுங்கியது.

இரண்டு பேரும் மூச்சிரைக்க நின்றார்கள். அப்போதுதான் தாயம்மாவுக்கு உறைத்தது. "நான் பேசிட்டேனா?"

"கூப்பிட்டே அக்கா. 'மரியா'ன்னு கூப்பிட்டே" என்றாள் மரியகுழந்தை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். தாயம்மா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டு, "ஒரு வருசமா ஆட்டாண்ட பேசிப் பேசி எனக்கே பைத்தியம் புடிக்கப் பாத்துச்சிடி" என்று சிரித்தாள். பிறகு அவளும் அழுதாள்.

கீழே விழுந்ததில் ஒன்றைத் துடைத்து மரியகுழந்தையின் கையில் கொடுத்தாள். அவள் கடித்தாள். பல் கூசியது. கல் மாதிரி இருந்தது, துவர்ப்பு வேறு.

"எப்படிடி கீது?"

"தேனு அக்கா."

தாயம்மா வாங்கித் தானும் ஒரு கடி கடித்தாள். முகம் கோணியது. "பொய்க்காரி! இது தேனா?" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனாலும் கடித்ததைத் துப்பவில்லை. மெல்ல மென்று, ரசித்து விழுங்கினாள். "நாலு நாள் வைக்கோல்ல வெச்சாத்தான் பழுக்கும்" என்று தட்டியின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்த ராயப்பனை யாரும் கவனிக்கவில்லை.

"ஜாமீன் முடிஞ்சிபோச்சிடி மரியா. இனிமே நீ கஷ்டப்பட வேணாம்" என்றாள் தாயம்மா.

"முடிஞ்சா இன்னா? வர்ற வருசத்துக்கும் நானே நிக்கிறேன்க்கா."

"நில்லு. யார் வேணாம்னது?" என்று தாயம்மா கையை நீட்டினாள். "மொதல்ல அந்தச் சொம்ப எங்கிட்ட குடுத்துட்டு நில்லு."